மார்க் மோரிஸின் ‘டைடோ அண்ட் ஈனியஸ்’ டிவிடி: அரசியும் சூனியக்காரியும் ஓருடலில்

பால் அடையாளத்தை நவீன நடனம் எப்படிக் கையாண்டிருக்கிறது என்று அறிய விரும்பும் ஒருவருக்கு ஒரே ஒரு பதிவைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால், மார்க் மோரிஸ் அமைத்த ‘டைடோ அண்ட் ஈனியஸ்’ நடனத்தின் பதிவையே நான் சொல்வேன். 1989-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரஸ்ஸல்ஸ் நகரில் முதன்முதலாக மேடையேறிய இந்த நடனத்தை, 1995-இல் பார்பரா வில்லிஸ் ஸ்வீட் என்ற கனடிய இயக்குநர் படமாக்கினார்; அது பின்னர் டிவிடியாகவும் வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் இந்தப் பதிவில் கார்த்தேஜ் நாட்டு அரசி டைடோவாகவும், அவளை அழிக்கச் சதி செய்யும் சூனியக்காரியாகவும் ஆடுபவர் ஒருவரே. அவர் மார்க் மோரிஸ். பெரிய உடலும் அகன்ற தோள்களும் கொண்ட ஓர் ஆண். இந்தச் செய்தியை மட்டும் கேட்கிறவர்களுக்கு, ஆண் பெண்ணாக வேடமிட்டுச் சிரிக்கவைக்கும் ஆட்டமாக இருக்குமோ என்ற எண்ணம் எழலாம். பதிவின் முதல் சில நிமிடங்களிலேயே அந்த எண்ணம் கலைந்துவிடுகிறது. நான் பார்த்த நடனப் பதிவுகளில் துயரத்தை இவ்வளவு நேர்மையாகத் தாங்கி நிற்பவை மிகச் சில.

கதை வர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தின் நான்காம் காண்டத்திலிருந்து வருகிறது. ட்ராய் நகரம் வீழ்ந்தபின் கடலில் அலைந்து கார்த்தேஜ் கரையில் ஒதுங்கிய ஈனியஸை அந்நாட்டு அரசி டைடோ காதலிக்கிறாள். இத்தாலிக்குச் சென்று புதிய நகரம் காண வேண்டியது உன் கடமை என்ற ஆணை வர, அவன் அவளை விட்டுப் புறப்படுகிறான், அவள் உயிர்விடுகிறாள். மோரிஸின் நடனத்துக்கு அடிப்படை, நேஹம் டேட் எழுதிய பாடல்களுக்கு ஹென்றி பர்செல் இசையமைத்த ஆங்கில இசைநாடகம். அதில் காவியத்தின் தெய்வங்கள் விலகிச் சூனியக்காரர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஈனியஸுக்கு வரும் ஆணையே அவர்கள் அனுப்பிய பொய்த்தூதனின் வேலைதான். 1689 வாக்கில் லண்டனை அடுத்த செல்சியில், ஜொசையாஸ் ப்ரீஸ்ட் என்ற நடன ஆசிரியர் நடத்திய பெண்கள் பள்ளியில் மாணவியர் இதை நடித்தார்கள் என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஆக, ஒரு நடன ஆசிரியரின் பள்ளியில் இளம்பெண்கள் நடித்த நாடகம், ஏறத்தாழச் சரியாக முந்நூறு ஆண்டுகள் கழித்து, மற்றொரு நடனக்காரரின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதன் அரசியை அவர் தம் உடலிலேயே ஏற்றுக்கொண்டார்.

மோரிஸ் 1956-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர். சிறுவயதில் ஸ்பெயின் நாட்டு ஃபிளமென்கோ நடனத்தைக் கற்றவர். பதின்ம வயதில் பால்கன் நாடுகளின் நாட்டுப்புற ஆடல்களை ஆடும் குழுவொன்றில் இருந்தவர். ஆணும் பெண்ணும் கைகோத்து ஒரே வரிசையில் ஒரே அடியை வைக்கும் அந்த ஆடல்களின் பழக்கம் அவருடைய எல்லா நடன அமைப்புகளிலும் தெரியும். 1980-இல் நியூயார்க்கில் தம் குழுவைத் தொடங்கினார். 1988 முதல் 1991 வரை அக்குழு பிரஸ்ஸல்ஸின் லா மொனே இசைநாடக அரங்கத்தின் குழுவாக இயங்கியது. அதற்குமுன் அந்த இடத்தில் நீண்டகாலம் கோலோச்சியவர் மொரீஸ் பெஜார் என்ற நடன அமைப்பாளர். தசை முறுக்கேறிய ஆண் உடலைக் கொண்டாடும் பெருங்காட்சிகளுக்குப் பெயர்பெற்றவர். அவரைப் பார்த்துப் பழகிய நகரத்தில்தான், தம் வயிற்றையும் தொடையையும் மறைக்காத மோரிஸ், ஓர் அரசியாக வந்து நின்றார். தொடக்கத்தில் எல்லாப் பாத்திரங்களையும் தாம் ஒருவரே ஆடுவதாகத்தான் அவர் எண்ணியிருந்தார். எய்ட்ஸ் நோய் அவருடைய தலைமுறை நடனக் கலைஞர்கள் பலரைக் கொண்டுசென்ற ஆண்டுகள் அவை. காதலும் மரணமும் இவ்வளவு நெருக்கமாக நிற்கும் இந்தக் கதையை அக்காலத்தில் ஒரு தற்பாலீர்ப்பாளர் தம் உடலுக்கென்று தேர்ந்துகொண்டதை அந்தப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

இனி மேடைக்கு வருவோம். ராபர்ட் போர்டோ அமைத்த அரங்கில் இருப்பவை ஒரு கைப்பிடிச் சுவரும் ஒரு நீண்ட இருக்கையும்தான். கிறிஸ்டின் வான் லூன் வடிவமைத்த உடைகளில் குழுவினர் அனைவருக்கும் ஒரே வகைக் கறுப்பு: கையில்லாத மேலாடையும் இடையில் சுற்றிய நீண்ட துணியும். ஆணுக்கு ஓர் உடை, பெண்ணுக்கு ஓர் உடை என்ற பாகுபாடு கிடையாது. எல்லோருக்கும் வெறுங்கால். பாடகர்கள் மேடையில் இல்லை; நடனக் கலைஞர்கள் மட்டுமே இருக்கிறார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர்.

நம் நாட்டிய மரபில் உடை, ஒப்பனை, அணிகலன்கள் வழியாகப் பாத்திரத்தைக் காட்டுவதை ஆஹார்யம் என்போம். பெண்வேடம் பூணும் ஆணுக்கு மிகப் பெரிய துணை அதுதான். சவரியும் நெற்றிச்சுட்டியும் மார்புக்கச்சும் புடவைக்கட்டும் பாதி வேலையைச் செய்துவிடும். மோரிஸ் அந்தத் துணையைக் கைவிடுகிறார். தோளில் விழும் சுருண்ட கூந்தலும் காதணியும் உண்டு. ஆனால் அவருடைய தோள் ஆணின் தோளாகவே இருக்கிறது, கை ஆணின் கையாகவே இருக்கிறது. தாம் பெண் என்று நம்மை நம்பவைக்க அவர் முயலவே இல்லை. அரசி என்று நம்பவைக்கிறார். காதலுக்கு அஞ்சுகிறவள், அஞ்சியபடியே அதற்குள் செல்கிறவள், கைவிடப்பட்டபோது மீண்டும் ஏற்க மறுக்கிறவள் என்று நம்பவைக்கிறார். அவர் பெண்ணா ஆணா என்ற கேள்வி பத்து நிமிடத்தில் மறைந்துபோகிறது என்று சொல்வது சரியாகாது. அது இருந்துகொண்டே இருக்கிறது, ஆனால் அதற்கு விடைகாணும் அவசரம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. பால் அடையாளத்தைப் பற்றி ஒரு நடனம் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுவே என்று நான் கருதுகிறேன். இந்தப் பதிவை இவ்வளவு வலியுறுத்திப் பரிந்துரைப்பதற்கும் அதுவே காரணம்.

இது எப்படி நிகழ்கிறது? முதலாவதாக, உடலை வைக்கும் முறை. பழங்காலக் கிரேக்க மண்பாண்டங்களில் தீட்டப்பட்ட உருவங்களைப் போல நடனக் கலைஞர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்கிறார்கள். தலையும் காலும் ஒருபுறம் நோக்க, மார்பு நம்மை நோக்குகிறது. கைகள் கோணங்களாக மடிகின்றன. இந்தத் தட்டையான நிலையில் இடையின் நெளிவு, நடையின் ஒசிவு என்று நாம் பெண்மைக்கு உரியதாகப் பழகிய அடையாளங்களுக்கே இடமில்லை. ஆண்மைக்கு உரியதாகப் பழகிய பாய்ச்சல்களுக்கும் இடமில்லை. உயர்குடித் தன்மை ஒன்றே மிஞ்சுகிறது. அதை யாரும் ஏந்தலாம்.

இரண்டாவதாக, குரல். பதிவில் டைடோவின் பாடல்களைப் பாடுபவர் ஜெனிஃபர் லேன் என்ற பாடகி. ஈனியஸுக்கு ரஸ்ஸல் ப்ரான். வாசிப்பது கனடாவின் டாஃபெல்மியூசிக் என்ற பரோக் (பர்செல் காலத்து ஐரோப்பிய இசைமரபு) இசைக்குழு. பெண்ணின் குரல் ஆணின் உடல்வழியே வருவதைக் காணும்போது, குரலும் உடலும் ஒரே ஆளுக்கு உரியவை என்ற நம் வழக்கமான எதிர்பார்ப்பு தளர்கிறது. பரதநாட்டியக் கச்சேரிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஆண் பாடகர் பதம் பாட, பெண் நாயகியின் ஏக்கத்தைக் காட்டுவதையும், பெண் பாட, ஆண் அபிநயம் செய்வதையும் நாம் எந்தத் தடங்கலும் இன்றி ஏற்றுக்கொள்கிறோம். ஒரே ஆடுநர் ஒரே பாட்டில் நாயகியாகவும் தோழியாகவும் நாயகனாகவும் மாறுவதையும் ஏற்றுக்கொள்கிறோம். அந்தப் பழக்கம் உள்ள தமிழ்ப் பார்வையாளருக்கு இந்த நடனத்துக்குள் நுழைவது, பாலே பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இருப்பதைவிட எளிது.

மூன்றாவது, இந்தப் பதிவின் உயிர்நாடி என்று நான் சொல்லத் துணிவது: கைகள். மோரிஸ் பாடல்வரிகளின் சொற்களுக்கு நேரடியாகச் சைகைகள் அமைத்திருக்கிறார். ஒரு சொல் மீண்டும் வரும்போது அதற்குரிய சைகையும் மீண்டும் வருகிறது. இதைப் பதார்த்த அபிநயம், அதாவது சொல்லுக்குச் சொல் பொருள்காட்டும் அபிநயம், என்றே நம்மவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். ஆனால் இவை நம் முத்திரைகள் அல்ல. அவரே உருவாக்கிக்கொண்ட கைமொழி. ஊழ் என்ற சொல் இந்த நாடகம் நெடுக வருகிறது. அரசி சொல்கிறாள், தோழியர் சொல்கிறார்கள், ஈனியஸ் சொல்கிறான். ஒவ்வொரு முறையும் சைகை அதுதான், உடல்தான் மாறுகிறது. ஒரு பெண்ணின் கையில் பார்த்த அதே சைகையை அடுத்த கணம் ஓர் ஆணின் கையில் பார்க்கிறோம். அசைவுக்குப் பால் கிடையாது என்பதை யாரும் வாயால் சொல்லாமலேயே, ஒரு மணி நேரமாக நடனம் நம் கண்ணுக்குப் பழக்கிக்கொடுத்துவிடுகிறது.

மோரிஸுக்கும் தென்னிந்திய இசைக்கும் உள்ள உறவை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1984-இல் அவர் தனியாக ஆடிய நடனம் ஒன்றின் பெயரே ‘ஓ ரங்கசாயி’. தியாகராஜரின் காம்போதி ராகக் கீர்த்தனையை எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பதிவுக்கு, இடைத்துணி மட்டும் அணிந்து அவர் ஆடினார். ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டவனை நோக்கிய அந்த நீண்ட அழைப்பை ஓர் அமெரிக்க ஆண் தம் கனத்த உடலால் ஏற்றுக்கொண்டது நியூயார்க் நடன உலகில் அவருக்குப் பெயர் வாங்கித்தந்த படைப்புகளில் ஒன்று. பல ஆண்டுகள் கழித்து, 2016-இல், நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் இந்திய இசைக்கும் நடனத்துக்குமான விழாப்பகுதி ஒன்றையும் அவரே தொகுத்தார். ஆகவே டைடோவின் கைகளில் நாம் காணும் உறவுச்சாயல் நம் கற்பனை அல்ல. அவர் நம் அடவுகளை எடுத்து ஒட்டவைக்கவில்லை. பாடல் ஒருபுறமும் கை ஒருபுறமுமாக ஒரே பொருளைச் சொல்லும்போது அப்பொருள் இரட்டிப்பாகக் கனக்கும் என்ற அறிவை நம்மிடமிருந்தும் பெற்றிருக்கிறார்.

ஆணின் பெண்வேடத்துக்கு நம்மிடம் நெடிய மரபு உண்டு. மெலட்டூர் பாகவத மேளம் என்னும் நாட்டிய நாடகத்தில் இன்றும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி ஆண்களே பிரகலாதனின் தாய் லீலாவதியாக வருகிறார்கள். கூச்சிப்பூடி ஊரின் வேதாந்தம் சத்தியநாராயண சர்மா சத்யபாமாவாக வந்தால் பெண்களே மயங்கிப்போவார்கள் என்பது ஆந்திரத்தில் வழங்கும் பேச்சு. நம்மாழ்வார் தம்மைப் பராங்குச நாயகியாக்கிக்கொண்டு பாடினார். ஆனால் மேடைவேடத்தில் வெற்றி என்பது மறைவதில் இருக்கிறது: ஆண் எவ்வளவு முழுமையாக மறைகிறானோ அவ்வளவுக்கு அவன் தேர்ந்த கலைஞன். மோரிஸின் வழி அதற்கு நேர்மாறானது. அவர் மறைவதில்லை. இரண்டில் எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச்சொல்ல மாட்டேன். ஆழ்வாரின் வழி ஒருவேளை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கலாம், ஏனெனில் அங்கே வேடமே கிடையாது, பாவம் மட்டுமே உண்டு. மோரிஸிடம் நான் காண்பதும் பெரும்பாலும் அதுதான்.

சூனியக்காரிக்கு வருகிறேன். இதே உடல், இதே உடை, இதே கூந்தல். ஆனால் அரசியிடம் நேராக நின்ற முதுகெலும்பு இங்கே வளைகிறது. அடக்கி வைத்திருந்த எல்லாம் வெளியே கொட்டுகிறது. பிறர் அழிவே நம் இன்பம் என்று பாடும் கூட்டத்தின் நடுவில் அவள் புரள்கிறாள், நெளிகிறாள், தன் வெற்றியில் தன் உடலையே துய்க்கிறாள். அரசி தனக்கு விலக்கிவைத்த ஆசைகள்தாம் இந்தச் சூனியக்காரி என்று படிக்க முடியும். டைடோவைக் கொல்வது வெளியே இருக்கும் பகையன்று, தன் ஆசைமேல் அவளுக்கே உள்ள அச்சம் என்ற பொருள் அப்போது கிடைக்கிறது. இரண்டையும் ஒருவரே ஆடும்போதுதான் இந்தப் பொருள் பிறக்கிறது. அதனால் பாத்திர இரட்டிப்பைச் சிக்கன ஏற்பாடாகக் கருதாமல், நடன அமைப்பின் நடுத்தூணாகவே கருத வேண்டும்.

ஆனாலும் இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அரசியை ஆடும்போது பால் குறித்த பழைய எண்ணங்களையெல்லாம் உதறிவிட்ட அதே கலைஞர், சூனியக்காரியை ஆடும்போது சில இடங்களில் கண்சிமிட்டலையும் உதட்டுச்சுழிப்பையும் நம்பிவிடுகிறார். மேற்கத்திய மேடைகளிலும் திரைகளிலும் நளினமான ஆண் என்றால் நயவஞ்சகன் என்ற பழக்கம் வேரூன்றியிருக்கிறது. நம் திரைப்படங்களிலும் அந்த நோய் இருக்கிறது. மோரிஸ் அந்தப் பழக்கத்தை எள்ளி உடைக்கிறாரா, அதற்கே தீனிபோடுகிறாரா என்று தெளிவாகாத தருணங்கள் இரண்டு மூன்று உண்டு. பார்வையாளர்கள் சிரிக்கலாம் என்று அனுமதிக்கும் அந்தத் தருணங்களில், அடுத்துவரும் துயரத்துக்கு வேண்டிய நிழல் சற்று வெளிறிப்போகிறது. முழுப்படைப்பையும் குலைக்கும் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் பால் அடையாளம் என்ற நோக்கில் பார்க்கிறவர் இதைக் கவனிக்காமல் போகக் கூடாது.

ஈனியஸாக ஆடுபவர் கியெர்மோ ரெஸ்டோ. முதல் மேடையேற்றத்திலும் அவரே. இவரிடம்தான் ‘ஆண்மை’ ஒரு வேடமாகத் தெரிகிறது. தாம் வேட்டையாடிய விலங்கின் தலையைக் காட்டிப் பெருமைபேசும் இடத்தில் அவர் டைடோவின் முன் தம் இடைத்துணியை விலக்குகிறார். அது ஓர் ஆணின் தற்பெருமையை இவ்வளவு சுருக்கமாகவும் கூர்மையாகவும் சொல்லும் அசைவு. மோரிஸின் அரசி அதற்குத் தரும் பதில் ஆரவாரமற்றது. பிற்பாடு அவள் கண்ணீரைக் கண்டு, போகாமல் இருந்துவிடுகிறேன் என்று அவன் சொல்லும்போது அவள் ஏற்பதில்லை; பிரியலாம் என்று ஒருமுறை எண்ணினாயே, அந்த எண்ணம் ஒன்றே போதும் என்கிறாள். பிரியும் தலைவனைத் தலைவி தடுத்து நிறுத்தும் பாடல்களை எத்தனையோ படித்திருக்கிறோம். நிற்கிறேன் என்று வந்தவனைப் போ என்று அனுப்பும் இவள் வேறொரு பெண். அந்தத் தன்மானத்தை நிமிர்ந்த கழுத்தொன்றினாலேயே மோரிஸ் காட்டிவிடுகிறார்.

குழுநடனங்களில் நான் மிகவும் மதிப்பது மாலுமிகளின் ஆட்டம். கரையில் இருக்கும் பெண்களிடம் திரும்பி வருவோம் என்று சத்தியம் செய்து அவர்கள் அழுகையை அடக்குங்கள், ஆனால் திரும்பி வரும் எண்ணம் மட்டும் வேண்டாம் என்று மாலுமிகள் குதூகலமாகப் பாடுகிறார்கள். மேலோட்டமாகக் கேட்டால் துள்ளலான பாட்டு; பொருளைக் கேட்டால் நெஞ்சு உறையும். மோரிஸ் இதைக் குழுவின் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். சற்றுமுன் அரசியின் தோழியராக இருந்தவர்கள், அதற்குப்பின் சூனியக்காரர்களாக இருந்தவர்கள், உடை மாற்றாமலேயே இப்போது கைவிடும் ஆண்கள். தம்மை ஏமாற்றும் பொய்யைப் பெண்களின் உடல்களே உற்சாகமாகச் சொல்வதைப் பார்க்கும்போது, பாத்திரமும் பாலும் ஒருவர் மேலிருந்து இன்னொருவர் மேலுக்கு எவ்வளவு எளிதாகக் கைமாறுகின்றன என்பது தெரிகிறது. மோரிஸ் 1991-இல் பிரஸ்ஸல்ஸிலேயே அமைத்த ‘த ஹார்ட் நட்’ நடனத்தின் பனித்துளிக் காட்சியிலும் ஆண்களும் பெண்களும் ஒரே வகைப் பாவாடையோடு கலந்து ஆடுகிறார்கள். அங்கே மகிழ்ச்சிக்காகச் செய்ததை இங்கே அவர் துயரத்துக்காகச் செய்திருக்கிறார். எனக்கு இதுவே ஆழமானது.

டைடோவின் இறுதிப் புலம்பல் மேற்கத்திய இசையில் மிகப் புகழ்பெற்ற பாடல்களில் ஒன்று. அடித்தளத்தில் ஐந்து தாளக்கட்டு நீளமுள்ள ஒரு சுரவரிசை அரையரைச் சுரமாகக் கீழிறங்குகிறது. முடிந்ததும் மறுபடி தொடங்கி மறுபடி இறங்குகிறது. பாடல் முடியும்வரை அது ஓய்வதில்லை. அதன் மேலே, என்னை நினைவில் வை, என் ஊழை மறந்துவிடு என்று அரசி பாடுகிறாள். ‘என்னை நினைவில் வை’ என்ற சொற்கள் முதலில் ஒரே சுரத்தில் நின்று ஒலிக்கின்றன. பிறகுதான் குரல் உச்சத்துக்கு எழுகிறது. மோரிஸ் இங்கே ஏறத்தாழ எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. முன்பே நாம் கற்றுக்கொண்ட சைகைகளே திரும்பி வருகின்றன, மெதுவாக. நடனக்காரர் ஒருவர் தம் தலைசிறந்த பாடலில் இவ்வளவு குறைவாகச் செய்ய மிகுந்த துணிவு வேண்டும். அந்த நேரத்தில் நான் பார்ப்பது ஆணையா பெண்ணையா என்று கேட்டால், என்னிடம் இருக்கும் நேர்மையான விடை, டைடோவைப் பார்க்கிறேன் என்பதுதான்.

பதிவின் தரத்தைப் பற்றி. இயக்குநர் ஸ்வீட் இசையைப் புரிந்துகொண்டவர். பாடல் மூச்சு வாங்கும் இடத்தில்தான் அவருடைய காட்சிகள் மாறுகின்றன. முகத்தருகே வரும் காட்சிகள் டைடோவுக்குப் பெரும் ஆதாயம். அரங்கின் பின்வரிசையில் அமர்ந்தவருக்குக் கிடைக்காத கண்ணசைவு நமக்குக் கிடைக்கிறது. ஆனால் குழுநடனங்களில் இதே நெருக்கம் இழப்பாகிறது. பக்கவாட்டில் நீளும் வரிசைகளாக அமைக்கப்பட்ட நடனத்தில் வரிசையின் இரு முனைகளும் ஒருசேரத் தெரிய வேண்டும். ஒரு முனையின் சைகைக்கு மறுமுனை பதில்சொல்வதை ஒரே பார்வையில் காண வேண்டும். கேமரா நான்கைந்து உடல்களை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது அந்த உரையாடல் அறுந்துபோகிறது. மாலுமிகளின் ஆட்டத்தை இன்னும் சற்று விலகி நின்று காட்டியிருக்கலாம். ஒலிப்பதிவில் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஜெனிஃபர் லேனின் குரல் கனமும் இருளும் சேர்ந்தது. மோரிஸின் உடலோடு அது பொருந்துகிறது.

இந்தப் பதிவிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது ஒரு திருநங்கையின் கதையோ திருநம்பியின் கதையோ அல்ல. மோரிஸ் பெண்ணாக வாழ்கிறவர் அல்லர். ஒரு பெண் பாத்திரத்தை ஆடுகிறவர். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலிலிருந்து விலகித் தம் வாழ்வை மீட்டெடுத்தவர்களின் அனுபவத்துக்கும் மேடையில் ஒரு மணி நேரம் அரசியாக இருப்பதற்கும் உள்ள தூரத்தை மறைத்துப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. அந்த அனுபவத்தை நடனத்தில் தேடுகிறவர்கள், சான்பிரான்சிஸ்கோவில் தம் குழுவோடு இயங்கும் திருநம்பி நடன அமைப்பாளர் ஷான் டோர்சியின் படைப்புகளிடம் செல்ல வேண்டும். மாறிய பாலினரின் நாட்குறிப்புகளையும் வாய்மொழி வரலாறுகளையும் திரட்டி அவற்றிலிருந்து நடனம் அமைப்பவர் அவர். நம் ஊரில் தஞ்சாவூர் கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் பயின்று, 2019-இல் பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜ் இருக்கிறார். அவர் நாயகியாக நிற்கும்போது அங்கே ஆண் பெண்வேடம் பூணவில்லை. ஒரு பெண் தன் கலையை ஆடுகிறாள். மோரிஸின் டைடோவைப் பாராட்டும் மூச்சிலேயே இந்த வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும் என்பது என் கருத்து.

மோரிஸ் இந்த வேடத்திலிருந்து விலகியபின், இவ்விரு பாத்திரங்களும் அவருடைய குழுவில் பெண்களிடமும் ஆண்களிடமும் சென்றன. ஏம்பர் ஸ்டார் மெர்கென்ஸ் போன்ற பெண் கலைஞர்கள் அதே அசைவுகளோடு டைடோவாக ஆடியிருக்கிறார்கள். ஆண் ஆடினால்தான் இந்த நடனத்துக்கு மதிப்பு என்றிருந்தால் அது அத்தோடு முடிந்துபோயிருக்கும், முடியவில்லை. நடன அமைப்பு யாருடைய உடலையும் ஏற்றுக்கொள்ளும் வலிமை உடையது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனாலும் முதல் உடலோடு பார்க்க இந்தப் பதிவை விட்டால் நமக்கு வேறு வழி இல்லை.

வாங்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டிவிடி வெளிவந்து நெடுங்காலம் ஆகிவிட்டதால், நடனக் கல்லூரி நூலகங்களிலும் பழைய தட்டுகளை விற்பவர்களிடமும் தேட வேண்டியிருக்கலாம். பாடல்கள் பழைய ஆங்கிலத்தில், இழுத்துப் பாடப்படுவதால், சொற்கள் எளிதில் பிடிபடா. டேட் எழுதிய பாடல்வரிகள் சில பக்கங்களே உள்ளவை, இணையத்தில் தடையின்றிக் கிடைப்பவை. முதலில் அவற்றை ஒருமுறை வாசித்துவிட்டுப் பாருங்கள். சொல்லுக்குச் சைகை என்று அமைந்த நடனத்தில் சொல் தெரியாமல் பார்ப்பது பாதியை இழப்பதாகும். சூனியக்காரியின் காட்சிகளில் உடலின்பத்தை வெளிப்படையாகக் காட்டும் அசைவுகள் இருப்பதால் சிறு குழந்தைகளோடு பார்க்க ஏற்றதன்று. பதினாறு பதினேழு வயது மாணவர்களுக்கு, ஆசிரியர் உடனிருந்தால், தாராளமாகக் காட்டலாம். அபிநயம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாலுமிகளின் ஆட்டத்தையும் இறுதிப் புலம்பலையும் மட்டுமாவது தம் மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, அதே சைகைகளை வகுப்பிலுள்ள ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.